ஷெஃபீல்டில் ஓர் அரிவாள் பட்டறை

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், ஷீஃப் ஆற்றங்கரையில் அபேடேல் என்று ஒரு பழைய பட்டறை வளாகம் இருக்கிறது. நின்றபடியே புல் அறுக்கும் நீளப்பிடி அரிவாள்களை அங்கே செய்தார்கள். நடுவில் எஃகு, இரு பக்கமும் தேனிரும்பு என்ற மென்மையான இரும்பு, மூன்றையும் காய்ச்சி, நீர்ச்சக்கரத்தால் ஓடும் பெரிய சம்மட்டிகளில் ஒன்றாக அடித்துவிடுவார்கள்.

எனக்கு மனசில் நிற்பது உலைக்கூடம்தான். எஃகை உருக்கும் மண் பாத்திரமான மூசைக்கான களிமண்ணை ஒருவர் மணிக்கணக்காக வெறுங்காலால் மிதித்துப் பிசைவாராம், ஏனென்றால் ஒரு சின்னக் கல்லோ காற்றுக்குமிழோ உள்ளே இருந்துவிட்டால் மூசை உலையிலேயே வெடித்துவிடும், அதைக் கண்டுபிடிக்கக் காலைவிட நல்ல கருவி கிடையாது. நம் ஊரிலும் கொடுமணல் அகழாய்வில் எஃகு உருக்கிய மூசைகள் கிடைத்திருக்கின்றன, அதனால் இது எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம்.

1933-இல் வேலை நின்றது. சரி, இடித்திருப்பார்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் ஜே.ஜி. கிரேவ்ஸ் என்ற வணிகர் அதை வாங்கி நகரத்துக்கே கொடுத்துவிட்டார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உலையை மறுபடி மூட்டினார்கள். அப்புறம் பழுதுபார்த்து 1970-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சக்கரமும் சம்மட்டியும் உலையும் இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன.