வலது சீட்டிலிருந்து இடது சீட்டுக்கு: தோட்டத்து முகவரியோடு கப்டனாகப் போகிறவர்களுக்கு

துணை விமானியின் வலது சீட்டிலிருந்து கப்டனின் இடது சீட்டுக்கு மாறி, நாலாவது பட்டி தோளில் ஏறிவிட்டது. இருந்தும் கம்பனியின் ரெக்கோட்ஸ் பிரிவை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பறப்பில் ஒருவரும் குறை பிடிக்கவில்லை, மறித்ததெல்லாம் கடதாசி. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து பின்னால் வரும் தம்பி தங்கச்சிகள் அதே இடங்களில் தடுக்கி விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வெளியிலிருந்து வரும் கப்டன்கள் விசயம். வரிசையில் துணை விமானிகள் காத்திருக்க, கம்பனி வெளியாளை எடுத்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் கம்பனியின் கணக்கையும் தெரிந்து வைத்திருங்கள். ஒரு துணை விமானியை உயர்த்தினால் மாதக்கணக்கில் பயிற்றுநரும் சிமியுலேட்டர் நேரமும் போகும். அவர் எழும்பிய வலது சீட்டுக்கும் இன்னொருவரைத் தேட வேண்டும். அதே விமான ரகத்தில் கப்டனாக ஓடியவர் வந்தால் கம்பனி நடைமுறைக்குப் பழக்கி, சில பயணங்கள் கண்காணித்து விட்டுவிடலாம். இன்னும் கப்டனாகாத நமக்கோ வெளிக் கம்பனிகளில் அந்தக் கதவு திறக்காது. வெளிநாட்டு விளம்பரங்களைப் பாருங்கள்: அந்த ரகத்தில் இத்தனை மணி கப்டனாகப் பறந்திருக்க வேண்டும், அண்மையிலும் பறந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள். ஆகவே முதல் கட்டளைப் பதவி பெரும்பாலும் சொந்தக் கம்பனியில்தான் கிடைக்கும். வெளியிலிருந்து வருபவர் சீனியோரிட்டி (பணிமூப்பு) பட்டியலின் அடியில் சேர்க்கப்படுவாரா, கப்டன் ஆன திகதிப்படி நடுவில் நுழைவாரா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ரோஸ்டர், லீவு, அடுத்த பெரிய விமானத்துக்கு மாறும் வாய்ப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உங்கள் இலக்கத்தில்தான் தொங்குகிறது.

இனி பறந்த மணிகளைப் பதியும் லொக் புக். கப்டனாக வேண்டிய ஏடிபிஎல் அனுமதிப்பத்திரத்துக்கு ஐகாவோ (சர்வதேச சிவில் விமான அமைப்பு) இணைப்பு 1 கேட்கும் குறைந்தபட்சம்: மொத்தம் 1,500 மணி, இரவுப் பறப்பு 100, கருவிப் பறப்பு 75 (அதில் தரைப்பயிற்சி 30க்கு மேல் செல்லாது), கப்டன் பொறுப்பில் 250. மொத்தம் தானாக நிரம்பும். இடிப்பது அந்த 250. ரத்மலானையில் 200 மணியோடு சிபிஎல் (வணிக விமானி அனுமதிப்பத்திரம்) எடுத்தவரிடம் தனிப் பொறுப்பில் பறந்தது 100 மணியளவில் இருக்கும். விதிப்படி 70 மணி அப்படிப் பறந்திருந்தால் போதும். மிச்சத்தைக் கப்டனின் மேற்பார்வையில் பொறுப்பேற்றுப் பறந்த மணியால் நிரப்பலாம். ஆனால் அந்த வரிக்கு எதிரே கப்டன் கையொப்பம் இட்டிருக்க வேண்டும்.

எங்கள் கப்டன்களில் பலர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து ஸ்கேன் பண்ணிய கையொப்பம் வாங்கிக் கொடுத்தால், “மை ஒப்பம் வேண்டும்” என்று ரெக்கோட்ஸ் கிளாக்கர் திருப்பிவிட்டார். எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டதற்குக் கடைசிவரை பதில் இல்லை. ஆகவே எஞ்சின் அணைந்து, பார்க்கிங் செக்லிஸ்ட் முடிந்ததும், கப்டன் பையைத் தூக்குவதற்குள் லொக் புக்கை நீட்டுங்கள். நாளைக்கு என்று விட்ட ஒப்பம் தோஹாவில் இருக்கும்.

அடுத்தது திகதிக் கூத்து. கட்டுநாயக்கவிலிருந்து 15ஆம் திகதி அதிகாலை 2 மணிக்குக் கிளம்பும் விமானம் யூடிசி எனும் உலகப் பொது நேரப்படி 14ஆம் திகதி இரவு 8.30க்குக் கிளம்புகிறது. கம்பனிக் கணினி யூடிசியில் பதியும். லொக் புக்கை இலங்கை நேரத்தில் எழுதுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அதிகாலைப் பயணம் ஒவ்வொன்றுக்கும் எதிரே “இந்தத் திகதியில் பறக்கவில்லை” என்று சிவப்பு மையில் எழுதி, கோப்பு திரும்பி வந்தது. ஐந்தரை மணி வித்தியாசத்தை விளக்கியும் கிளாக்கர் அசையவில்லை. பயிற்சி முகாமையாளர் வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் அசைந்தார். முதல் பக்கத்திலேயே “எல்லா நேரமும் யூடிசி” என்று எழுதி, கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். கூட்டலிலும் கண் வேண்டும்: 45 நிமிடம் தசமத்தில் 0.75. அதை 0.45 என்று எழுதினால் பறந்த நேரம் உங்கள் கையாலேயே குறைகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கம்பனிப் பதிவை அச்செடுத்து ஒப்பிட்டு வந்தால் கடைசி நேரத்தில் தலையைப் பிய்க்க வேண்டியதில்லை.

பெயரும் முகவரியும் நம் ஊருக்கே உரிய வில்லங்கம். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, அனுமதிப்பத்திரத்தில் முதலெழுத்துகள் மட்டும். வெளிநாட்டு விண்ணப்பமோ குடும்பப் பெயர் கேட்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, ஆங்கிலப் பிரதிகளோடு வைத்திருங்கள். பிழை பெரியதென்றால் பிரதேச செயலகத்தில் சான்றிதழையே திருத்துவது நல்லது. அதற்குக் காலம் பிடிக்கும், முன்கூட்டியே தொடங்க வேண்டும். பொலிஸ் சான்றிதழ் கேட்டால், தோட்ட டிவிசன் பெயரும் லய வீட்டு இலக்கமும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். கிராம சேவகரிடம் முன்பே சொல்லி வையுங்கள். நம் கடிதம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும், அங்கே மேசையில் கிடக்கும். என் ஒரு கடிதம் உரக் கணக்குப் புத்தகத்துக்கு அடியிலிருந்து வந்தது.

நேர்முகமும் தரைவகுப்பும் சிக்கலில்லாமல் முடிந்தன.

சிமியுலேட்டரில் கை மாறுவது முதல் இரண்டு நாள் தொல்லை. ஏ320இல் இதுவரை வலது கையில் இருந்த சைட்ஸ்டிக் (விமானத்தைத் திருப்பும் பிடி) இடது கைக்கு வரும், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திரஸ்ட் லீவர் வலது கைக்குப் போகும். தரையில் திருப்பும் டில்லரைத் துணை விமானிகளுக்குப் பல கம்பனிகள் தருவதில்லை, ஆகவே டாக்சி ஓட்டுவதே புதுப் பாடம். ஆனால் ஆட்கள் தோற்பது கைவேலையில் அல்ல. மேலெழும் ஓட்டத்தில் வேகம் 100 நொட்ஸ் தாண்டிய பிறகு நெருப்பு, உந்துவிசை இழப்பு, பறக்கவே முடியாத நிலை போன்றவற்றுக்கு மட்டும்தான் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் நிறுத்தக்கூடாத வேகமான வீ-1 வரை லீவரில் இருப்பது யார் பறந்தாலும் கப்டனின் கை. “ஸ்டொப்” என்பதும் அவரே. சின்ன விளக்கு எரிந்ததற்கு 120இல் நிறுத்தியவர்கள் உண்டு. இன்னொரு பொறி எரிபொருள்: ஒக்டோபர் பின்னேர இடிமழையில் கட்டுநாயக்க மூடிக்கிடக்க, மாற்று விமான நிலையமான மத்தளைக்குப் போக வேண்டிய அளவுக்கு எரிபொருள் இறங்கியும் இன்னொரு வட்டம் காத்திருப்பது. எரிபொருள் எந்த அளவுக்கு இறங்கினால் மத்தளைக்குக் கிளம்புவோம் என்று துணை விமானியிடம் முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். பரிசோதகர் அதைத்தான் காது கொடுத்துக் கேட்கிறார்.

வழக்கமான பயணங்களிலேயே நடக்கும் லைன் பயிற்சி, கடைசி லைன் செக் இரண்டும் நன்றாகப் போயின.

பிறகு ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். சந்தோசத்தில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். இடையில் விலகினால் கட்ட வேண்டிய பயிற்சிப் பிணைத் தொகை வேலை செய்யும் ஒவ்வொரு மாதத்துக்கும் குறைகிறதா, கடைசி நாள் வரை முழுசாக நிற்கிறதா? மருத்துவத்தில் தவறினாலும் கட்ட வேண்டுமா? 40 தாண்டினால் இந்தக் கேள்வி பகிடி இல்லை. மாதச் சம்பளம் உறுதி செய்யப்பட்ட மணிகளுக்கா, பறந்த மணிக்கா? சீருடையோடு பயணியாக அனுப்பும் பயணத்துக்குக் காசு உண்டா?

ஓய்வு விதியையும் வீட்டுத் தூரத்தோடு வைத்துப் பாருங்கள். ஐரோப்பிய விதியில் சொந்தத் தளத்தில் குறைந்தபட்ச ஓய்வு 12 மணி, அல்லது முந்திய கடமை நீண்டிருந்தால் அந்த அளவு. ஹட்டனுக்குப் போக ஐந்து மணி, வர ஐந்து மணி என்றால் தூங்க மிச்சம் இரண்டு. பயணம் ஒன்றரை மணியைத் தாண்டினால் தளத்துக்குக் கிட்டத் தங்க ஏற்பாடு செய்யச் சொல்கிறது அதே விதியின் வழிகாட்டல். ஆகவே நீர்கொழும்புப் பக்கம் ஒரு அறை வாடகையைச் சம்பளக் கணக்கில் முதலே கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் லீவு மாதத்தில் எத்தனை முறை விழும் என்பதையும் அந்தப் பேரத்திலேயே எழுதி வாங்குங்கள். ஒப்பமிட்ட பிறகு கேட்டால் ரோஸ்டர் பிரிவு சிரிக்கும்.