ஒரு நோயாளி, ஒரு கிருமி: ஆன்டிபயோகிராம் தயாரித்த அனுபவம்

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேபில் வேலை செய்கிறேன். வருடாந்திர ஆன்டிபயோகிராம் தயாரிக்கும் பொறுப்பு இந்த முறை எனக்கு வந்தது. இ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் எந்த ஆன்டிபயாடிக்குக்கு எத்தனை சதவீதம் கேட்கின்றன என்று காட்டும் அட்டவணை அது. நோயாளியிடம் எடுத்த மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிசல்ட் முழுதாக வர இரண்டு மூன்று நாள் ஆகும். குளிர்காய்ச்சலோடு நடுராத்திரி வருகிறவர் அதுவரை காத்திருக்க முடியுமா? முதல் ஊசியை டாக்டர் முடிவு செய்ய இந்த அட்டவணைதான் துணை.

ஒரு வருட ரிசல்ட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து இறக்குவது சுலபம். அதைச் சுத்தம் செய்வதுதான் வேலையே. நாள்கணக்கில் படுத்திருப்பவரின் சிறுநீர், ரத்தம், சளி எல்லாவற்றிலும் அதே கிருமி திரும்பத் திரும்ப வளரும். எல்லாவற்றையும் எண்ணினால் மருந்துக்கான எதிர்ப்பு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். அதனால் வருடத்தில் ஒருவருக்கு, ஒரு வகைக் கிருமியில் முதலில் வளர்ந்தது மட்டுமே கணக்கு. எம்ஆர்எஸ்ஏவுக்காக (மெத்திசிலின் வகை மருந்துகளுக்குக் கேட்காத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி) மூக்கிலும், சிபிஇக்காக (கார்பபெனெம் மருந்துகளைச் சிதைக்கும் குடல் கிருமிகள்) ஆசனவாயிலும் எடுக்கும் ஸ்க்ரீனிங் ஸ்வாப்களும் சேராது. "தம்பி, அந்த பெட்ல இருக்கிறது ஒருத்தர்தான். அவரை ஒன்பது பேரா காட்டிடாத," என்றார் சீனியர் அக்கா. இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

அப்புறம், பல வருட எண்களை வரைபடமாகப் போட்டபோது சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கேட்கும் இ.கோலையின் சதவீதத்தைக் காட்டும் கோடு ஓரிடத்தில் சட்டென்று இறங்கியது. கிருமி ஒரே வருடத்தில் அப்படி மாறிவிடவில்லை, அளவுகோல்தான் மாறியிருந்தது. மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் வரை 'கேட்கும்' என்றிருந்த எல்லையை, லேப் சோதனைகளுக்குத் தரநிலை வகுக்கும் அமெரிக்க அமைப்பான சிஎல்எஸ்ஐ 2019-ல் 0.25 ஆகக் குறைத்தது. பழைய எம்ஐசி எண்கள் (கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த மருந்தளவு) கைவசம் இருந்ததால் எல்லா வருடங்களையும் புது எல்லையில் மறுபடி கணக்கிட்டோம். அந்தச் சரிவு பெரும்பாலும் மறைந்தது.

எல்லைக்கோட்டில் நின்ற சில ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிகளைச் சேமிப்பிலிருந்து எடுத்து மறுபடி தட்டில் போட்டேன். செஃபாக்ஸிடின் என்ற ஆன்டிபயாடிக் ஊறிய வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 22 மில்லிமீட்டர் இருந்தால் சாதாரண ஸ்டஃப், 21 என்றால் எம்ஆர்எஸ்ஏ. கறுப்புப் பின்னணியில் தட்டைக் கவிழ்த்து, அளவியை வட்டத்தின் ஓரத்தில் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்க்கிறேன். அந்த ஒரு மில்லிமீட்டரில் நோயாளியின் மருந்தே மாறிவிடும்.

கிருமிகளின் மருந்து எதிர்ப்பைச் சமாளிக்க 2017-ல் சிங்கப்பூர் வெளியிட்ட தேசியச் செயல்திட்டம் கல்வி, கண்காணிப்பு, ஆராய்ச்சி, தொற்றுத் தடுப்பு, மருந்தை முறையாகப் பயன்படுத்துதல் என்று ஐந்தைச் சொல்கிறது. கண்காணிப்பு பிசகினால் மற்ற நான்கும் எதை நம்பி நடக்கும் என்பதே என் கவலை.

அட்டவணை வெளியானதும் ஐசியூ டாக்டர்கள் தங்களுக்கென்று தனியாக ஒன்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அங்கே எதிர்ப்பு வேறு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு வகையில் 30 நோயாளிகளின் கிருமியாவது இல்லாமல் சதவீதம் போட்டால் அதை நம்ப முடியாது. எண்ணிக்கை குறைந்தவற்றுக்கு இரண்டு வருடத்தைச் சேர்த்துப் போட்டு, அதை அட்டவணையின் கீழேயே எழுதிக் கொடுத்தோம்.