காலிக்குழியையும் கவனியுங்கள்

மருந்துவாழ்மலைச் செடி ஒன்றின் சாறு புண்ணை ஆற்றுமா என்பதுதான் என் ஆய்வு. நாகர்கோவிலில் எங்கள் லேப்பில் முதலில் செல் படலத்தில் புண் போலப் பிப்பெட் நுனியால் கீறி, மணிக்கொரு தரம் மைக்ரோஸ்கோப்பில் படமெடுத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு கீறலும் ஒவ்வொரு அகலத்தில் விழும். அப்புறம்தான் மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு எவ்வளவு தடை என்று அளக்கும் கருவி கைக்கு வந்தது.

1984இல் ஐவர் ஜியேவரும் சார்லஸ் கீஸும் வெளியிட்ட முறை இது. செல் வளர்க்கும் தட்டில் ஒவ்வொரு குழியின் அடியிலும் கால் மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு தங்க மின்முனை. அதில் ஒரு மைக்ரோஆம்பியர் அளவில் மாறுமின்னோட்டம். செல் சவ்வு மின்சாரத்தைத் தடுப்பதால், செல்கள் ஒட்டிப் பரவப் பரவ மின்மறுப்பு ஏறும். 4,000 ஹெர்ட்ஸில் பார்த்தால் செல்களின் அடியும் இடுக்கும் எவ்வளவு இறுக்கம் என்று தெரியும். 64,000இல் அவ்வளவு வேகமாகத் திசை மாறும் மின்னோட்டம் சவ்வின் ஊடாகவே போவதால், தங்கம் எவ்வளவு மூடியிருக்கிறது என்று தெரியும்.

வேலை அதிகம் பூச்சில்தான். சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கரைசலை 10 நிமிடம் விட்டுத் தங்கத்தைச் சுத்தம் செய்து, கழுவி, ஜெலட்டின் ஏற்றி, மறுபடி கழுவி, செல் வளரும் ஊடகத்தை ஊற்றி, செல் போடுவதற்கு முன்பே அளவு எடுக்க வேண்டும். ஒரு குழி மட்டும் எகிறினால் மின்முனைமேல் காற்றுக்குமிழ் உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் கிளம்பிவிடும், அளவும் இறங்கிவிடும்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. கருவி யுபிஎஸ்ஸில் ஓடியது, இன்குபேட்டர் ஆறியது. காலையில் பார்த்தால் திரையில் எல்லா மின்மறுப்புக் கோடும் மேலே போயிருந்தது. சாறு வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். சீனியர் அக்கா வந்து, "மக்கா, மொதல்ல காலிக்குழியப் பாரு" என்றார். செல்லே இல்லாத குழியிலும் அதே ஏற்றம். ஊடகம் குளிர்ந்தால் அதன் மின்கடத்துதிறன் குறைந்துவிடும், அவ்வளவுதான்.

புண் உண்டாக்குவதும் மின்சாரத்தால்தான். சில நொடி வலுவான மின்னோட்டம் கொடுத்தால் மின்முனை மேலிருக்கும் செல்கள் மட்டும் சாகும், கோடு சட்டென்று விழும். சுற்றிலும் இருக்கும் செல்கள் நகர்ந்து வந்து மூட மூட மறுபடி ஏறும். எல்லாப் புண்ணும் ஒரே அளவு என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

சாற்றைக் காலிக்குழியிலும் ஊற்றினேன். அங்கேயும் மின்மறுப்பு கொஞ்சம் ஏறியது. செடியில் டானின் உண்டு, அது மின்முனைமேல் பூசிய ஜெலட்டினோடு ஒட்டும். அந்த ஏற்றத்தைக் கழித்துவிட்டு மீதியைத்தான் செல்களின் கணக்கில் எழுதுகிறேன்.