ஆளைச் சோதிக்கும் மைதானங்கள்

அமெச்சூர்களுக்குக் கடினமான கோல்ஃப் மைதானம் எது என்று கேட்டால், நான் நியூயார்க்கின் பெத்பேஜ் பிளாக்கைத்தான் சொல்வேன். மாநில அரசின் பொது மைதானம். ஆனால் முதல் டீ (குழிக்கான முதல் பந்தை அடிக்கும் இடம்) அருகிலேயே, மிகத் திறமையானவர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்று எச்சரிக்கைப் பலகை! வண்டி கிடையாது, 18 குழியும் நடைதான். புல்லைக் குட்டையாக வெட்டிய ஃபேர்வேயை விட்டு விலகினால் பந்து ரஃப் எனப்படும் உயரமான புல்லுக்குள் புதைந்துவிடும். வெளியே எடுக்கவே ஒரு ஷாட் வீணாகிவிடும். 15-வது குழியில் கிரீன் (குழியைச் சுற்றியுள்ள மழமழப்பான புல்பரப்பு) மேட்டு உச்சியில். களைத்த காலோடு கீழிருந்து மேலே அடிக்க வேண்டும்.

அப்புறம் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி. 1999 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் மூன்று ஷாட் முன்னிலையோடு கடைசிக் குழிக்கு வந்த பிரெஞ்சு வீரர் ழான் வான் டி வெல்டின் பந்து பாரி பர்ன் ஓடையில் விழுந்தது, முன்னிலை போய்ச் சமநிலையானது, அதை முறிக்க நடந்த பிளேஆஃபில் தோற்றார். தொழில்முறை ஆட்டக்காரருக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்களைச் சொல்லவா வேண்டும்?

உங்களைப் படுத்தி எடுத்த மைதானம் எது?