டிராவல் பண்ணதில்ல சார்

மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் பதினோரு வருஷம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினேன். காலையில் நர்சிங் முடித்த பெண்கள், மதியம் குடும்பத் தலைவிகள், மாலை ஆறரைக்கு வெல்டிங், ஏ.சி. மெக்கானிக் படித்துவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் பையன்கள். மே மாதம் தகரக் கூரை கொதிக்கும். முகூர்த்த நாளென்றால் கீழே கடைச் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்காது. அத்தனை வருஷத்தில் என் சிவப்பு மையை அதிகம் குடித்த வார்த்தை எது என்றால், யோசிக்காமல் சொல்வேன்: டிராவல்.

முதலில் ஒரு பையன். வடுவூர்ப் பக்கத்துக்காரன், தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் வேலை. மாதிரி நேர்காணலில் அவனிடம் "ஹௌ டு யூ டிராவல் டு ஒர்க்?" என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தான். அப்புறம் தமிழிலேயே சொன்னான்: "நான் எங்கயும் டிராவல் பண்ணதில்ல சார். பஸ்லதான் போய்ட்டு வர்றேன்."

வகுப்பே சிரித்தது, நானும்தான். தினம் போக வர ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவன்! இரவு வீட்டுக்குப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழ்க் காதில் அவன் சொன்னதில் தப்பே இல்லை. நமக்குப் பயணம் என்றால் ஒரு பெட்டி வேண்டும், வழியனுப்ப ஆள் வேண்டும், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லிப் பொட்டலம் வேண்டும். ஆங்கில டிராவலுக்கு இதெல்லாம் தேவையில்லை. ஓரிடம் விட்டு இன்னோரிடம் நகர்ந்தால் சரி. தினமும் வேலைக்குப் போய்வருவதற்கென்றே அவர்களிடம் கம்யூட் என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. அமெரிக்க ரயில்களில் கட்டணம் குறைத்துத் தந்த கம்யூட்டேஷன் டிக்கெட்டிலிருந்து வந்தது. நம்மூரில் சோழன் எக்ஸ்பிரஸுக்கும் பாசஞ்சருக்கும் ஓடுகிற சீசன் டிக்கெட்காரர்கள் எல்லாரும் கம்யூட்டர்கள்தான். அந்தப் பையனுக்கு இதைச் சொன்னபோது, "கம்ப்யூட்டரா சார்?" என்றான்.

வார்த்தை பிடிபட்டபின் அடுத்த தொல்லை, எல்லா இடத்திலும் அதையே போடுவார்கள். 'யெஸ்டர்டே ஐ டிராவல்டு டு மை ஆன்ட்டீஸ் ஹவுஸ்.' இலக்கணப்படி சரி. ஆனால் அத்தை வீட்டுக்குக் கஞ்சி போட்ட வேட்டியில் போன மாதிரி இருக்கும். அகராதியில் 'பயணம் செய்' என்று போட்டிருப்பதால் வரும் வினை இது. கடைசியில் நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன்: தமிழில் 'போனேன்' என்று சொல்லும் இடத்தில் 'வென்ட்' போடு. போன இடத்தை விட்டுவிட்டுப் போவதைப் பற்றியே பேசும்போது, அதாவது எவ்வளவு தூரம், எதில், யாரோடு என்று பேசும்போது, டிராவல் போடு. 'ஐ டிராவல் எ லாட் ஃபார் ஒர்க்', 'ஷி டிராவல்டு அலோன்', இப்படி.

அப்புறம் அந்த 'எ டிராவல்'. பரீட்சைத்தாளில் இதைப் பார்க்காத வாரம் கிடையாது. ஒருமுறை கடுப்பில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்: "ஒரு தண்ணின்னு சொல்வீங்களா? ஒரு குடம் தண்ணி, ஒரு சொம்பு தண்ணி. டிராவல்ங்கிறது தண்ணி. ட்ரிப்தான் குடம்." அன்றிலிருந்து 'மை டிராவல் வாஸ் எ குட் டிராவல்' கொஞ்சம் குறைந்தது. டிராவல்ஸ் என்று பன்மையும் உண்டு, ஆனால் அது 'கலிவர்ஸ் டிராவல்ஸ்' கதையில் வரும் கலிவர் மாதிரி ஊர் ஊராகச் சுற்றியவர்களுக்கு. நம் ஊரில் டிராவல்ஸ் என்றால் ராத்திரி சென்னைக்குப் போகும் ஆம்னி பஸ். "டிராவல்ஸ் எத்தனை மணிக்கு?" என்று ஒருவர் கேட்டால் எந்த வெள்ளைக்காரருக்கும் புரியாது, நமக்குப் புரிகிறது. அதைத் திருத்த நான் முயன்றதில்லை. டிராவல்டு என்பதற்கு இங்கிலாந்தில் இரண்டு எல், அமெரிக்காவில் ஒன்று. கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டால் பயப்பட வேண்டாம், அவ்வளவுதான்.

தண்ணீர் என்று சொன்னதும் ஒரு ஜூன் மாத வகுப்பு ஞாபகம் வருகிறது. ஆங்கிலத்தில் மனிதர் மட்டுமல்ல, ஒளி டிராவல் பண்ணும், ஒலி டிராவல் பண்ணும், கெட்ட செய்தி எல்லாவற்றையும்விட வேகமாக டிராவல் பண்ணும். ஆள் இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றேன். கோட்டூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதினாள்: 'வாட்டர் டிராவல்ஸ் ஃப்ரம் மேட்டூர் டு அவர் ஃபீல்டு.' அருமை என்று டிக் போட்டேன். எத்தனை நாள் ஆகும் என்று சும்மா கேட்டு வைத்தேன். அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு மூன்று நான்கு நாள். (2022-இல் வழக்கமான ஜூன் 12-க்கு முன்பே, மே 24-இல் திறந்தார்கள். கல்லணை திறந்தது மே 27.) அங்கிருந்து வெண்ணாறு. நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு என்கிற மதகில் அது வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரியும். அப்புறம் கிளை வாய்க்கால், அப்புறம் அதைவிடச் சின்ன கன்னி வாய்க்கால், அதற்குள் தண்ணீரை முறை வைத்து மாற்றி மாற்றி விட ஆரம்பித்துவிட்டால் இன்னும் காத்திருக்க வேண்டும். சொல்லிவிட்டு அவளே கேட்டாள்: "ஆனா சார், தண்ணி டிராவல் பண்றத யாரு பாக்குறா? வந்துச்சா வரலையான்னுதான எங்கப்பா கேப்பாங்க?"

என்னிடம் பதில் இல்லை. வாய்க்கால் முடிகிற கடைமடையில் நிற்கிறவருக்கு ஒரே வினைச்சொல்தான், வருதல். செல்லுதல், வருதல் என்ற சொற்களை யார் எங்கே நின்றுகொண்டு சொல்வது என்று தொல்காப்பியம் தனியாக விதி சொல்லியிருப்பதைக் கல்லூரியில் மனப்பாடம் செய்தவன் நான். அது எதற்கு என்று அன்றுதான் புரிந்தது.

மாலை வகுப்புப் பையன் ஒருவன் வேலை விளம்பரம் ஒன்றைக் கொண்டுவந்தான். கனடாவில் 'ஜர்னிமேன் வெல்டர்' தேவையாம். "இது ஊர் ஊரா போயி வெல்டிங் பண்றதா சார்?" நியாயமான சந்தேகம். ஜர்னி என்பது பிரெஞ்சில் 'ஒரு நாள்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஒரு நாளில் நடக்கிற தூரம், ஒரு நாளில் செய்கிற வேலை. ஜர்னிமேன் என்றால் தொழில் பழகி முடித்து, நாள்கூலிக்கு வேலை செய்யத் தகுதியான ஆள். டிராவலின் பூர்வீகம் இதைவிட மோசம். பாடுபடுவது என்ற பொருளில் இருந்த பிரெஞ்சுச் சொல் அது. அதற்கும் மூலம் என்று அகராதிகள் காட்டுவது, ஆளைக் கட்டி வதைக்க மூன்று கழிகளால் செய்த ஒரு லத்தீன் கருவியை. பையன் முகம் வாடிவிட்டது. இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

நம் பக்கமும் லேசுப்பட்டதில்லை. சங்கப் பாட்டில் செலவு என்றால் போவது. பொருள் தேடக் கிளம்பியவன் தலைவியின் முகத்தைப் பார்த்து மனம் மாறி நின்றுவிட்டால் செலவழுங்கல். இன்று செலவு என்றால் விசாவுக்கும் ஏஜென்டுக்கும் கட்டுகிற பணம்.

என் பெரிய தப்பை இன்னும் சொல்லவில்லை. மதிய வகுப்பில் கூத்தாநல்லூர்ப் பெண் ஒருவர் இருந்தார். மகன் படிக்கும் பள்ளிக்கு, கட்டணம் கட்ட ஒரு மாதம் தவணை கேட்டு அவரே ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். அதில் ஒரு வரி: 'மை ஹஸ்பண்ட் இஸ் இன் டிராவல்.' பார்த்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து 'இஸ் டிராவலிங்' என்று திருத்திக் கொடுத்தேன். பள்ளி அலுவலகத்தில் படித்துவிட்டு, "அப்ப அடுத்த வாரம் வந்துடுவார்ல? வந்ததும் கட்டச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர் கணவர் குவைத்தில் ஒரு பகாலாவில், அதாவது மளிகைக் கடையில், நிற்கிறார். போய் மூன்று வருஷம். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவரை 'சபர்ல இருக்காங்க' என்பார்கள். அரபியில் சபர் என்றால் பயணம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன காலத்திலேயே அப்படித்தான். பத்து வருஷம் ஒரே கடையில் ஒரே கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் அவர் சபராளிதான், ஊர் திரும்பும்வரை. அந்த அம்மா எழுதியது தப்பான ஆங்கிலம், சரியான செய்தி. நான் எழுதியது சரியான ஆங்கிலம். அதைப் படிக்கிறவருக்கு மனிதர் இப்போது ரயிலிலோ விமானத்திலோ இருக்கிறார், நாலு நாளில் இறங்கிவிடுவார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, 'மை ஹஸ்பண்ட் ஒர்க்ஸ் இன் குவைத்' என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"இதுல சபரே இல்லயே சார்?"

"இங்கிலீஷ்ல இது போதும்மா."

தலையாட்டிவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தார். படியிறங்கப் போனவர் நின்று கேட்டார், "அவங்க வந்தப்புறம் எழுதுனா, டிராவல்டு போடணுமா சார், கேம் போடணுமா?"

"கேம் போடுங்க" என்றேன்.