செங்கோட்டை–புனலூர்: மலைப்பாதைக் குறிப்புகள்

ஜூன் 9

2018இல் இதே நாளில்தான் கேரளத்துப் புனலூரையும் தமிழ்நாட்டுச் செங்கோட்டையையும் இணைக்கும் அகலப்பாதை திறப்பு விழா கண்டது. 2010 செப்டம்பரில் மீட்டர் கேஜ் (பழைய ஒரு மீட்டர் பாதை) நின்றதிலிருந்து கிட்டத்தட்ட எட்டு வருடம் இந்த 49 கிலோமீட்டரில் ரயில் கிடையாது. ‘பாதை திரும்பி வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை’ என்று கேட்பவர்கள் உண்டு. பாதை வந்தது, மலை ஊர்களுக்கென்று ஒரு பாசஞ்சர் இன்று இல்லை. இந்தக் குறிப்புகள் அதைப் பற்றித்தான்.

இன்று மலை ஏறுபவை எல்லாம் தொலைதூர வண்டிகள்: கொல்லம்–சென்னை எழும்பூர், மதுரை–குருவாயூர், எர்ணாகுளம்–வேளாங்கண்ணி, பாலருவி எக்ஸ்பிரஸ். ஆரியங்காவு அருகே விழும் அருவியின் பெயரைச் சூடிய பாலருவி எக்ஸ்பிரஸ் இரு திசையிலும் அந்த இடத்தை இரவில்தான் கடக்கிறது. பெயர் வைத்தவருக்கும் நேரம் குறித்தவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை போல.

ஜூன் 17

ஏற்றக் கணக்கு. இந்த மலைப்பாதையின் கடுஞ்சரிவு 37க்கு 1. அதாவது 37 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரம். சாலையில் இது ஒன்றுமே இல்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது பெரிய விஷயம்.

14 பெட்டி வண்டி என்று வையுங்கள். ஆட்களோடு பெட்டிக்குச் சராசரி 50 டன், மொத்தம் 700 டன். எஞ்சின் 117 டன். 817ஐ 37ஆல் வகுத்தால் 22 டன். வண்டி பின்னால் நழுவாமல் நிற்கவே இவ்வளவு இழுவிசை வேண்டும். 10 டிகிரி வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தை உரசுவதற்கு மேலும் 3 டன். ஆக 25.

எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்பதை அதன் குதிரைத்திறன் மட்டும் தீர்மானிப்பதில்லை, பிடிமானமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. காய்ந்த தண்டவாளத்தில் எடையில் கால் பங்கு, சுமார் 29 டன் கிடைக்கும். மழை, சருகு, குகைக்குள் ஈரம் என்றால் 15 சதவீதம், 17.5 டன்தான். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. அதனால்தான் பின்னாலிருந்து தள்ள ஒரு துணை எஞ்சின், அதாவது பேங்கர். இரண்டு எஞ்சின் சேர்ந்தால் ஈரத்திலும் 35 டன் கிடைக்கும், தேவையோ 29க்குள்.

இரண்டையும் முன்னாலேயே மாட்டலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் மொத்த இழுவையும் முதல் பெட்டியின் கொக்கியில் விழும். நடுவில் ஒரு இணைப்பு அறுந்தால் பின் பகுதியைத் தாங்கிப் பிடிக்கப் பிரேக் மட்டும்தான். பேங்கர் பின்னால் இருந்தால் தள்ளவும் செய்யும், தாங்கவும் செய்யும். பிரேக் குழாய் பேங்கர் வரை இணைந்திருக்கும். பிரேக் பிடிக்கும் பொறுப்பு மட்டும் முன் எஞ்சினில். இரண்டு கைகள் ஒரே குழாயை இயக்கினால் வண்டி நடுவில் உதறும்.

ஜூன் 30

மணல். சக்கரம் வழுக்கும்போது தண்டவாளத்தில் மணல் தூவுவது நூறு வருடத்துக்கு முந்தைய உபாயம், இன்னும் அதுதான். மணலைச் சலித்து, காயவைத்து, பெட்டியில் நிரப்ப வேண்டும். ஈர மணல் குழாயில் கட்டிக்கொள்ளும். வழுக்கும்போதுதான் அது தெரியவரும். அதற்குள் வேகம் போய்விடும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது ஓடும் வண்டியை இழுப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

ஜூலை 14

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. மீட்டர் கேஜ் காலத்தில் வெற்றிட பிரேக். எஞ்சினில் 53 செ.மீ. பாதரச அளவு வெற்றிடம், கார்டு பெட்டியில் குறைந்தது 47 காட்ட வேண்டும். குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும் கடைசிப் பெட்டியில் முள் விழுந்துவிடும். இப்போது காற்று பிரேக், குழாயில் 5 கிலோ அழுத்தம். முறை மாறினாலும் கிளம்பும் முன் ஒவ்வொரு பெட்டியாகப் பிரேக் பிடிக்கிறதா, விடுகிறதா என்று பார்க்கும் வேலை மாறவில்லை.

கெடுவது எங்கே? நீண்ட இறக்கத்தில் பிரேக் கட்டையை விடாமல் அழுத்தினால் சக்கரம் சூடேறும், கட்டையின் பிடி குறையும். அதனால் எஞ்சினின் மோட்டார்களையே ஜெனரேட்டராக மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். பிரேக் கட்டை அதற்குத் துணை. மலைப்பகுதியில் 30 கி.மீ. வேகம் என்பதும் இதற்காகத்தான். பயணிகள் ‘உருட்டுறான்’ என்று சலித்துக்கொள்ளும் அந்த 30.

ஆகஸ்ட் 2

இந்தப் பாதைக்கு மழைக்காலம் இரண்டு. தென்மேற்குப் பருவம் கேரளச் சரிவை நனைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் செங்கோட்டைப் பக்கமும் ஊறும். மேலே மண் வெட்டப்பட்ட சரிவு, கீழே ஜல்லி. சேறு கலந்த ஜல்லியில் தண்ணீர் வடியாது. ஸ்லீப்பர் ஆட ஆரம்பிக்கும், வளைவில் தண்டவாளம் மட்டம் தப்பும். பக்கவாட்டு வடிகாலைத் தூர் வாருவதுதான் பாதைப் பராமரிப்பில் பாதி வேலை.

இரவு ரோந்து போகும் தொழிலாளி பாறை விழுந்திருப்பதைக் கண்டால் முதலில் அதை நகர்த்தப் பார்க்கக்கூடாது, வண்டியை நிறுத்த ஓட வேண்டும். அகலப்பாதை விதிப்படி 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1200 மீட்டரில் 10 மீட்டர் இடைவெளியில் மூன்று. சக்கரம் ஏறினால் வெடிக்கும், சத்தம் கேட்டால் ஓட்டுநர் நிறுத்துவார். வளைவுக்கு வளைவு பார்வை மறையும் காட்டில் கொடியையும் விளக்கையும் மட்டும் நம்ப முடியாது.

ஆகஸ்ட் 19

பதிமூன்று கண் பாலம், மலையாளத்தில் ‘பதிமூன்னு கண்ணறை’. கழுதுருட்டி அருகே தேசிய நெடுஞ்சாலையில் போகிற எல்லோரும் வண்டியை நிறுத்தி படம் எடுக்கும் இடம். கருங்கல்லால் கட்டிய 13 வளைவுகள். அகலப்பாதைக்கு இதை இடிக்காமல் கான்கிரீட் உறை கொடுத்துப் பலப்படுத்தினார்கள். கல் வளைவு அழுத்தத்தைத் தாங்கும், ஆட்டத்தைத் தாங்காது. எஞ்சின் எடை கூடியபோது பலப்படுத்தத்தான் வேண்டும். பழைய அழகு கொஞ்சம் போனது உண்மை. இடித்துவிட்டு இரும்பு உத்தரம் போட்டிருந்தால் மொத்தமும் போயிருக்கும்.

பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவிலுள்ள குகை கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர். 1000 மி.மீ. பாதைக்குக் குடைந்ததை 1676 மி.மீ. பாதைக்கு அகலப்படுத்துவதுதான் இந்த வேலையில் நாள் தின்ற பகுதி.

செப்டம்பர் 20

மீட்டர் கேஜ் நின்ற நாள், 2010. அந்த நாளைய பாசஞ்சரை எல்லோரும் நினைப்பது ஜன்னல் காற்றுக்காக. ஒற்றக்கல், எடப்பாளையம், கழுதுருட்டி எல்லாவற்றிலும் அது நின்றது என்பதுதான் முக்கியம். அதற்கும் முன்னால், சென்னை எழும்பூரிலிருந்து கொல்லம் மெயிலும் இதே மலை வழியாகத்தான் போனது.

அக்டோபர் 11

பாசஞ்சர் கேட்டால் வரும் முதல் பதில்: ‘பேங்கர் இல்லை.’ சரி, மின்பாதை வந்துவிட்டது, மெமு (தனி எஞ்சின் இல்லாமல் மோட்டார் பெட்டிகளே இழுக்கும் மின் ரயில்) விடலாமா? நான்கு பெட்டிக்கு ஒரு மோட்டார் பெட்டி என்பது வழக்கமான அமைப்பு. மொத்த எடையில் கால் பங்குதான் இழுக்கும் சக்கரங்களின் மேல் இருக்கும். ஈரத் தண்டவாளத்தில் 15 சதவீதப் பிடிமானம் என்றால் மொத்த எடையில் 3.75 சதவீதம் இழுவிசை. ஏற்றமும் வளைவும் கேட்பது 3.1. தப்பித்தது போலத் தெரியும். ஆனால் 8 பெட்டி மெமுவில் இரண்டு மோட்டார் பெட்டிதான். ஒன்று பழுதானால் 1.9 சதவீதம். நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான். மோட்டார் பெட்டியும் சாதாரணப் பெட்டியும் சம எண்ணிக்கையில் இருந்தால் இந்தப் பயம் இல்லை.

இன்னொரு வழி எளியது. 8 பெட்டி, 400 டன், ஒரு மின் எஞ்சின் 123 டன். சரிவுக்கு 14.1, வளைவுக்கு 2.1, ஆக 16.2 டன். ஈரத்திலும் எஞ்சின் 18.4 தரும். கணக்கு இடித்தாலும் தேறுகிறது. பேங்கர் இன்றி ஓட்டலாமா என்பதைச் சோதனை ஓட்டம் பார்த்து ரயில்வே பாதுகாப்பு ஆணையர்தான் ஒப்ப வேண்டும். தொடக்கத்தில் 14 பெட்டியோடு நின்ற வரம்பு சோதனைகளுக்குப் பிறகுதான் 18 ஆனது. அதே வழியைச் சின்ன வண்டிக்கும் பின்பற்றலாம்.

நவம்பர் 26

1904இல் இன்றைய தேதியில் புனலூர்–செங்கோட்டைக்கு முதல் வண்டி ஓடியது. அன்று செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது, 1956 நவம்பர் 1இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மாறிய பிறகும் உறவும் சந்தையும் ஆஸ்பத்திரியும் மலைக்கு அந்தப்பக்கமே பலருக்கு.

வேண்டியது போக ஒன்று, வர ஒன்று என ஒரு ஜோடி பாசஞ்சர். 49 கிலோமீட்டரை 30இல் ஓட்டினால் 98 நிமிடம், நிறுத்தங்களுக்கு 25 நிமிடம். செங்கோட்டை 6.30, புனலூர் 8.33, அங்கிருந்து 44 கிலோமீட்டர் சமவெளி ஓட்டத்தில் கொல்லம் 10 மணிக்குள். மாலை 5 மணிக்குக் கிளம்பினால் இரவு 8.30க்குச் செங்கோட்டை. பகலில் வண்டி கொல்லத்தில் நிற்கும்போது பராமரிப்பையும் முடித்துக்கொள்ளலாம். எதிர்வண்டி வந்தால் தென்மலையிலோ நியூ ஆரியங்காவிலோ ஒதுங்கிக்கொள்ளலாம். சுற்றுலாவுக்கான கண்ணாடிக் கூரைப் பெட்டி பிறகு வரட்டும். முதலில் ஜன்னல் திறக்கும் எட்டுப் பெட்டி.