நான்கு பைட் இடமும் ஒரு வீண் நகலும்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், நெட்வொர்க் பாக்கெட்டைத் தாங்கும் எஸ்கேபஃப் அமைப்பில், தரவு பொதுவாகப் பஃபரின் (அதற்கென ஒதுக்கிய நினைவகத்தின்) முதல் பைட்டிலேயே தொடங்குவதில்லை. முன்னால் கொஞ்சம் காலி இடம் விடப்பட்டிருக்கும். ஹெட்ரூம் எனப்படும் அந்த இடத்தில்தான், பாக்கெட் கீழடுக்குகளுக்கு இறங்க இறங்க ஐபி, டனல், ஈதர்நெட் தலைப்புகள் (ஒவ்வொரு அடுக்கும் தன் விவரங்களை எழுதும் பகுதிகள்) ஒவ்வொன்றாக முன்னே சேர்கின்றன. இடம் இருந்தால், தலைப்பைச் சேர்க்க தரவின் தொடக்கத்தைக் காட்டும் பாயின்ட்டரைப் பின்னுக்கு நகர்த்தினால் போதும். இல்லாவிட்டால் புதிய பஃபரை ஒதுக்கி, உள்ளதை நகலெடுத்து, பழையதை விடுவிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுக்கு இடத்தை ஒதுக்குவது அதைப் பெறும் டிரைவர். இடம் தேவைப்படுவதோ கடைசியில் அதை வெளியே அனுப்பும் சாதனத்துக்கு. மெய்நிகர் கணினிகளில் இந்த இரண்டுக்கும் நடுவே பிரிட்ஜ் (கார்டுகளை இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்), டனல் (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் வழி) என்று அடுக்குகள் பெருகிவிடுவதால், ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாமல் போவது எளிது.

மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் கார்டை இயக்கும் விர்டியோ-நெட் டிரைவரையே எடுத்துக்கொள்வோம். செக்சம் (பிழை சோதிக்கும் எண்), செக்மென்டேஷன் (பெரிய பாக்கெட்டைத் துண்டாக்குவது) விவரங்களை, மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்குச் சொல்வதற்காக அது ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் தனக்கென ஒரு சிறு தலைப்பை வைக்கிறது. பழைய வடிவில் அது 10 பைட், விர்டியோ 1.0 முதல் 12 பைட். முன்பெல்லாம் இந்தத் தலைப்புக்கென்றே தனி டிஸ்கிரிப்டர் (நினைவகத்தில் ஒரு துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் பதிவு) ஒன்றைச் செலவிட வேண்டியிருந்தது. தலைப்பை எங்கும் வைக்கலாம் என்று ஹைப்பர்வைசர் ஒப்புக்கொண்டால், இன்றைய டிரைவர் மூன்று விஷயங்களைச் சோதிக்கிறது: ஹெட்ரூம் போதுமா, முகவரி சரியான எல்லையில் இருக்கிறதா, தலைப்புப் பகுதியை வேறொரு குளோன் (அதே பஃபரைச் சுட்டும் இன்னொரு எஸ்கேபஃப்) பகிர்ந்துகொண்டிருக்கிறதா. மூன்றும் சாதகமாக இருந்தால் தலைப்பை ஹெட்ரூமிலேயே எழுதி ஒரே டிஸ்கிரிப்டரில் அனுப்பிவிடும். இல்லையென்றால் சத்தமில்லாமல் பழைய வழிக்குத் திரும்பும். என் பார்வையில் இது நல்ல வடிவமைப்பு, ஏனெனில் இடம் இல்லாதபோது இழப்பது ஒரு டிஸ்கிரிப்டர் மட்டுமே.

ஆனால் இதே டிரைவர், தனக்கு 12 பைட் முன்னிடம் இருந்தால் நல்லது என்று மேலடுக்குகளுக்கும் அறிவித்துவைக்கிறது. ஒரு மெய்நிகர் கணினி, ஒரு விர்டியோ கார்டில் வரும் பாக்கெட்டைப் பிரிட்ஜ் வழியாக விஎக்ஸ்லான் டனலில் (ஈதர்நெட் பாக்கெட்டை யூடிபிக்குள் வைத்து அனுப்புவது) ஏற்றி, இன்னொரு விர்டியோ கார்டில் ஐபிவி4 மேல் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 128 பைட்டுக்குள் அடங்கும் சிறு பாக்கெட்டை டிரைவர் புதிய பஃபருக்கு நகலெடுக்கிறது. எக்ஸ்86 கணினியில் அதற்குக் கிடைக்கும் ஹெட்ரூம் 64 பைட். டனல் சேர்ப்பது ஈதர்நெட் 14, ஐபி 20, யூடிபி 8, விஎக்ஸ்லான் 8, ஆக 50 பைட். விர்டியோவின் 12 பைட்டையும் சேர்த்தால் 62. உண்மையில் 64 போதும்.

கெர்னலின் விஎக்ஸ்லான் நிரல் போடும் கணக்கு வேறு. வெளிச்செல்லும் சாதனத்தின் 14 பைட் ஈதர்நெட் தலைப்பையும் அது அறிவித்த 12 பைட்டையும் கூட்டி, அந்த 26-ஐ 16-இன் மடங்காகக் கீழே இறக்கி, மறுபடி 16 கூட்டுகிறது, கிடைப்பது 32. அதனுடன் யூடிபி, விஎக்ஸ்லான் தலைப்புகளின் 16, ஐபியின் 20 சேர்ந்து 68 ஆகிறது. கையிலிருப்பது 64 என்பதால் நான்கு பைட் குறை. அந்த நான்கும் 64 ஆக உயர்த்தப்பட்டு, பஃபர் முழுவதும் புதிதாக ஒதுக்கப்படுகிறது, அதுவும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும். விர்டியோ எதையும் அறிவிக்காமல் இருந்திருந்தால் கணக்கு 52-இல் நின்று, நகலே தேவைப்பட்டிருக்காது; தலைப்பும் ஹெட்ரூமில் இடம் பிடித்திருக்கும். ஒரு டிஸ்கிரிப்டரை மிச்சப்படுத்தக் கொடுத்த குறிப்பை மேலடுக்கு நிபந்தனையாக எடுத்துக்கொண்டதன் விலை இது. (கீழே ஐபிவி6 ஓடினால், எதையும் அறிவிக்காத சாதாரண கார்டிலும் கணக்கு 72-ஐத் தொடும்.)

கெர்னலில் இதற்கு ஒரு பாதி மருந்து உண்டு. பிரிட்ஜில் சேரும் சாதனங்களின் தேவையைப் பார்த்து, பெறும் பக்கத்தில் விடவேண்டிய ஹெட்ரூமை மற்றப் போர்ட்டுகளுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு 2016-இல் 4.6 பதிப்பில் வந்தது. விஎக்ஸ்லான் அப்போது தன் கீழ்ச் சாதனத்தின் கூடுதல் தேவையைத் தன் அறிவிப்பில் சேர்க்கவில்லை. அது 2020-இல்தான் திருத்தப்பட்டது. பிரிட்ஜ் தரும் அந்த ஹெட்ரூம் செய்தியை டேப், வெத் போன்ற மென்பொருள் நெட்வொர்க் சாதனங்கள் கேட்டுக்கொள்கின்றன, விர்டியோ-நெட் கேட்பதில்லை.

அப்படியானால் தாராளமாகவே விட்டுவிடலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. எக்ஸ்டிபி நிரல்களுக்கென (பாக்கெட் வந்ததும் டிரைவரிலேயே ஓடும் சிறு நிரல்கள்) ஒதுக்கும் வழக்கமான 256 பைட்டோடு 1514 பைட் பாக்கெட்டையும், பஃபரின் வாலில் இருக்கும் 320 பைட் பொது விவரப் பகுதியையும் கூட்டினால் 2090 வருகிறது. 4096 பைட் பக்கத்தை இரண்டாகப் பிரித்துப் பயன்படுத்தும் டிரைவருக்கு இது 42 பைட் அதிகம். இன்டெலின் சில டிரைவர்கள் 192 பைட்டோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். விர்டியோவில் வேறொரு சிக்கல்: எக்ஸ்டிபி நிரலை ஏற்றும் நேரத்தில் ரிங்கில் (வரும் பாக்கெட்டுகளுக்காகக் காத்திருக்கும் பஃபர் வரிசையில்) ஏற்கெனவே கிடக்கும் பஃபர்களில் அந்த இடம் இருக்காது. ஆகவே எந்தப் பஃபரில் எவ்வளவு ஹெட்ரூம் என்பதை டிரைவர் ஒவ்வொன்றுடனும் குறித்துவைத்து, பழையது வந்தால் மட்டும் வேறு பக்கத்துக்கு நகலெடுக்கிறது.

வேகம் குறையும்போது பலரும் முதலில் கை வைப்பது விஹோஸ்ட் த்ரெட்களிலும் (ஹோஸ்ட் பக்கத்தில் விர்டியோ பாக்கெட்டுகளைக் கையாளும் த்ரெட்கள்) க்யூ எண்ணிக்கையிலும்தான். அதற்கு முன், பஃபரை விரிக்கும் ஃபங்ஷன் எத்தனை முறை, யாரால் அழைக்கப்படுகிறது என்பதை கெர்னலைக் கண்காணிக்கும் கருவியான பிபிஎஃப்ட்ரேஸில் ஒரு வரி எழுதி ஸ்டாக்கோடு (அழைப்புத் தொடரோடு) எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. அந்த எண்ணிக்கை பாக்கெட் எண்ணிக்கையோடு ஒட்டியே ஏறினால், குறை ஹெட்ரூமில் இருக்கிறது.